மூன்று வருடத் தைச்சியும் என் வலது முட்டியும்

போன வாரம் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் பழைய தோழி ஒருத்தி பிடித்துக்கொண்டாள்: “அக்கா, தைச்சி போனா முட்டி வலி போயிடுமா?” தைச்சி என்றால் மெதுவாக அசைந்து செய்யும் சீன உடற்பயிற்சி. மீன் வெட்டிக்கொண்டிருந்த இடத்தில் எதைச் சொல்வது? அதனால் இங்கே எழுதுகிறேன்.

மூட்டுத் தேய்மானம் எனக்கு வலது காலில். மூன்று வருடமாக வாரம் இரண்டு காலை, எங்கள் புளோக்குக்குக் கீழே. வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் மேம்பாலப் படி! முன்பெல்லாம் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில், ஒரு படிக்கு இரண்டு கால் வைத்து இறங்குவேன். இப்போது காய்கறிப் பையோடு நேராக இறங்குகிறேன். பாஸ்டனில் 204 பேரை வைத்து 12 வாரம் செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. தைச்சி செய்தவர்களுக்கும் பிசியோதெரபி செய்தவர்களுக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தது. மனச்சோர்வு தைச்சிக்காரர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது. நம்புகிறேன். பிசியோ பயிற்சியை வீட்டில் பத்து நாளில் விட்டவள் நான். இங்கே ஒரு நாள் போகாவிட்டால் பக்கத்து வரிசைச் சீனப் பாட்டி கதவைத் தட்டிவிடுவார்.

ஆனால் ஒரு கோபம் மட்டும் ஆறவே இல்லை. தைச்சியில் திசை மாறும்போது வரும் அந்தத் திருப்பம். உடம்பு எடை காலில் இருக்கும்போதே பாதத்தைத் திருப்பினால் திருகல் முழுவதும் முட்டியில்தான் விழும். எடையைப் பின்காலுக்குக் கொண்டுபோய், முன்கால் விரல்களைத் தூக்கி, குதிகாலில் திருப்பிவிட்டு, அப்புறம்தான் எடையை வைக்க வேண்டும். முட்டி எப்போதும் பாதம் பார்க்கும் பக்கமே பார்க்க வேண்டும். என் முதல் ஆசிரியர் ஒரு வருடம் இதைச் சொல்லவில்லை. முப்பது பேருக்கு முதுகைக் காட்டி ஆடுவார், “இன்னும் தாழ்ந்து நில்லுங்கள்” என்பார். முட்டி வீங்கி இரண்டு வாரம் படுத்தேன். கடைசியில் அந்தப் பாட்டிதான் தரையில் உட்கார்ந்து, இரு கையாலும் என் காலணியைப் பிடித்து மெல்லத் திருப்பிக் காட்டினார். மொழி தேவைப்படவில்லை.

இப்போது நிமிர்ந்து நின்றே செய்யும் சுன் பாணி வகுப்புக்கு மாறிவிட்டேன். சிட்னி மருத்துவர் பால் லாம் மூட்டுவலிக்காரர்களுக்கு 1997இல் அமைத்த பயிற்சியும் அந்தப் பாணியை ஒட்டியதுதான்.

நேற்று பழைய வகுப்பைக் கடந்து வந்தேன். புதிதாகச் சேர்ந்த ஓர் அம்மா அதே திருப்பத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆசிரியர் திரும்பிப் பார்க்கவில்லை. அதைப் பார்த்தபின் தோழிக்கு என் பதில்: போகாதே. இல்லை, வந்தே தீருவேன் என்றால் செவ்வாய்க்கிழமை என் பக்கத்தில் வந்து நில். முதலில் அந்தத் திருப்பத்தைச் சொல்லித் தருகிறேன்.