நூறு சதவீத ரிசல்ட்டா, இரவுப் பள்ளியா? தாராவியிலிருந்து ஓர் அலசல்

பத்தாவது ரிசல்ட் வந்த வாரத்தில் மும்பை தாராவியின் 90 அடி சாலை பக்கம் வந்து பாருங்கள், திரும்பின பக்கமெல்லாம் பேனர்தான். நூறு சதவீதத் தேர்ச்சி, மூன்று பிள்ளைகளின் போட்டோ, கீழே அட்மிஷன் நடைபெறுகிறது. ஒன்பதாவதோடு படிப்பை விட்டுவிட்டு லெதர் பட்டறைக்குப் போகிற மகனை வைத்திருக்கும் எங்கள் தெரு அக்கா ஒருவர், “நூறுன்னு போர்டு வச்சிருக்காவளே, அங்கயே சேத்துருவமா அண்ணாச்சி?” என்று கேட்டார். அவருக்கு வேறு மூன்று வழிகளும் இருக்கின்றன: இரவுப் பள்ளி, 17-ஆம் நம்பர் பாரம் (பள்ளியில் சேராமல் வெளியிலிருந்து பத்தாவது எழுதுவது), தேசியத் திறந்தநிலைப் பள்ளி.

முதலில் அந்த நூறைப் பார்ப்போம். ஒரு பகல் பள்ளியில் ஒன்பதாவதில் 120 பேர், அதில் பத்தாவது பரீட்சை எழுதியவர்கள் 95, அத்தனை பேரும் பாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேனரில் 100 என்று போடலாம், பொய்யில்லை. ஆனால் ஒன்பதாவதில் உட்கார்ந்திருந்தவர்களை வைத்துப் பார்த்தால் தேறியது 79 சதவீதம். மீதி 25 பேர் எங்கே? சிலர் ஊருக்குப் போயிருப்பார்கள், சிலரை ஒன்பதாவதிலேயே நிறுத்தியிருப்பார்கள், சில வீடுகளுக்கு ‘எல்.சி. (பள்ளியை விட்டுப் போகும் சான்றிதழ்) வாங்கிக்கிட்டு வெளியிலேர்ந்து எழுதிக்கோங்க’ என்று பக்குவமாகச் சொல்லியிருப்பார்கள். அக்காவின் மகனும் இப்படி ஒரு 25-இல் ஒருவன்தான். அவனை வெளியே அனுப்பித்தான் நூறு வந்தது என்றால், அதே மாதிரிப் பள்ளியின் வாசலில் போய் நிற்பதில் என்ன லாபம்?

இரவுப் பள்ளியில் கணக்கு வேறு மாதிரி. பத்தாவதில் மொத்தமே 12 பேர் எழுதி 8 பேர் தேறினால் 67 சதவீதம், பேனர் அடிக்க முடியாது. இன்னும் இரண்டு பேர் தேறியிருந்தால் 83. இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தாலே ஒரு பள்ளி ‘நல்ல பள்ளி’யிலிருந்து ‘சுமார்’ ஆகிவிடும் என்னும்போது ஒரு வருட சதவீதத்தை வைத்து எதைச் சொல்வது? மூன்று நான்கு வருடக் கணக்கைத் தலை எண்ணிக்கையாகவே கேளுங்கள்: எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள்.

அப்புறம், யார் அந்தப் பன்னிரண்டு பேர் என்று பார்க்கணும். மாலை ஆறரை மணி வகுப்புக்கு நேரே பட்டறையிலிருந்து வருகிறவன் விரலில் தோல் ஒட்டும் சொல்யூஷன் காய்ந்து ஒட்டியிருக்கும். கூரியர் பையன் பெல் அடித்து அரை மணி கழித்து வடாபாவோடு நுழைவான். பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தபிறகு தானும் திரும்பி வந்த பெண்கள் உண்டு. வயதும் வீட்டில் பேசும் மொழியும் ஆளுக்கு ஆள் மாறும், பகலில் வேலை என்பதுதான் பொது. தீபாவளி ஆர்டர் நெருங்கும் மாதங்களில் பாதி பெஞ்ச் காலி. டஜன் பர்ஸ் 540 ரூபாய் என்றால் ஒன்று 45 என்று கண் சிமிட்டுவதற்குள் சொல்லும் பையனிடம் அதையே 12x = 540 என்று எழுதிக் காட்டுங்கள், பேனாவை வைத்துவிடுவான். நான் அங்கே கணக்குக்கு உதவப் போகிறவன், இதை அடிக்கடி பார்க்கிறேன். அவனுக்கு வேண்டியது எக்ஸ் என்கிற அந்த எழுத்தைப் பழக்கிவிட ஒரு ஆள், 95 பேர் வகுப்பில் அந்த ஆள் கிடைக்கமாட்டார்.

குறை இல்லாமல் இல்லை. மூன்று மணி நேரத்தில் எல்லாப் பாடத்தையும் அடக்கணும், லேப் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. பகலில் வேறு பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே இரவிலும் பாடம் எடுத்த ஆசிரியர்களை 2017-இல் மகாராஷ்டிர மாநில அரசு விலக்கியபோது பல பள்ளிகள் ஆள் இல்லாமல் திண்டாடின. நம்மவர்களுக்கு அதைவிடப் பெரிய தலைவலி மொழி. இரவுப் பள்ளிகளில் பெரும்பாலானவை மராத்தி வழி. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளோ நீண்ட காலம் பெரும்பாலும் ஏழாவதோடு நின்றவை. அங்கே படித்துவிட்டு வந்த பிள்ளையை மராத்தியில் அறிவியல் எழுதச் சொன்னால் என்ன செய்யும்?

அந்தப் பிள்ளைக்குத் திறந்தநிலைப் பள்ளி பரவாயில்லை. 1989-இல் தொடங்கியது, தேசிய வாரியம், சான்றிதழ் செல்லும். ஐந்து பாடம், தேர்ச்சிக்கு 33, தமிழை மொழிப்பாடமாக எடுக்கலாம். பதிவு ஐந்து வருடம் செல்லும், வருடத்துக்கு இரண்டு முறை பரீட்சை, ஒவ்வொரு பாடமாக முடிக்கலாம். கணக்கே எடுக்காமலும் பத்தாவது முடித்துவிடலாம், இதைத்தான் ஏஜென்ட்கள் இனிக்க இனிக்கச் சொல்வார்கள். பிறகு டிப்ளமோ சேரப் போகும்போது கணக்கும் அறிவியலும் கேட்கலாம். ஏஜென்ட் வேண்டவே வேண்டாம், பதிவை ஆன்லைனில் நீங்களே செய்யலாம். ஆனால் தானாக உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்குத்தான் இது. புத்தகம் பிரிக்கப்படாமலே ஐந்து வருடம் ஓடிப்போன வீடுகள் நிறைய.

17-ஆம் நம்பர் பாரத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதே மாநில வாரியப் பரீட்சைதான், வெளியிலிருந்து எழுதுவது, தேர்ச்சிக்கு 35, சொல்லிக்கொடுக்க யாரும் கிடையாது. நல்ல கோச்சிங் கிளாஸும் வீட்டில் படிக்க இடமும் இருந்தால் சரி.

மாநில வாரியத்தில் எழுதினால் ஒரு வசதி உண்டு: தவறிய பாடங்களை மட்டும் துணைத்தேர்வில் எழுதலாம், இரண்டு பாடம் வரை நிலுவையில் இருந்தாலும் ஏ.டி.கே.டி. முறையில் பதினொன்றாவதில் சேரலாம். பன்னிரண்டில் எட்டு என்று பார்த்தோமே, மீதி நான்கு பேரின் கதையும் அதோடு முடிந்துவிடுவதில்லை. சதவீதத்தில் அவர்கள் பெயில், அவ்வளவுதான்.

அக்காவிடம் நான் சொன்னது இரவுப் பள்ளி. பையன் தமிழ் வழி இல்லை, இங்கே ஒன்பதாவது வரை இங்கிலீஷ் மீடியம், அதனால் மராத்தி வழிப் பள்ளி என்றால் யோசிக்கணும், இங்கிலீஷ் மீடியம் இரவு வகுப்பு எது பக்கம் என்று விசாரிக்கணும். தினமும் வேலைக்குப் போகிறவன், வீட்டில் தனியாக உட்கார்ந்து படிக்கமாட்டான் என்று அவரே சொல்கிறார், ஆகவே திறந்தநிலையை இரண்டாவதாக வைத்தேன். பட்டறை முதலாளி ஆறு மணிக்கு விடுவாரா என்று கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன். பழைய பள்ளியில் எல்.சி. வாங்கும் வேலையும் இருக்கிறது, பாக்கி ஃபீஸ் என்று இழுத்தடிக்கிறார்களாம்.