திருநெல்வேலியில் ஒரு சைக்கிள் திருத்தகம்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலிருந்து பலாலி வீதி வழியே சிறிது தூரம் சென்று ஒழுங்கை ஒன்றினுள் திரும்பினால், பெயர்ப்பலகை இல்லாத, தகரக் கூரை போட்ட சைக்கிள் திருத்தகம் ஒன்று இருக்கிறது. என்னுடைய பழைய லுமாலா சைக்கிளின் பின்சில்லு நெளிந்து, பிறேக் கட்டையில் உரசத் தொடங்கியிருந்தது. முதலில் காட்டிய கடையில் றிம்மையே மாற்ற வேண்டும் என்றார்கள். இங்கே இருந்த முதியவரோ சில்லை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "றிம் நல்லாத்தான் இருக்குது தம்பி, கம்பியள்தான் இளகிப்போச்சு" என்றார்.

அவர் வேலை செய்த விதத்தை விரிவாகவே சொல்ல வேண்டும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டி ஒலியைக் கேட்டார். இளகிய கம்பி மந்தமாகவும் இறுகிய கம்பி கணீரென்றும் ஒலித்தன. பின்னர் சோக்குக் கட்டி ஒன்றை றிம்மின் ஓரமாக அசையாமல் பிடித்துக்கொண்டு சில்லைச் சுற்றினார். சோக்கு பட்ட இடத்தில் றிம் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதால், அப்பக்கத்துக் கம்பிகளைச் சற்றே தளர்த்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பிகளை இறுக்கினார். எந்தக் கம்பியையும் ஒரே தடவையில் கால் சுற்றுக்கு மேல் திருகவில்லை. நெளிவு முழுதும் நீங்கிய பிறகும், தேவை எதுவும் இல்லாமலே சில்லைச் சுழலவிட்டு, அது தானாக நிற்கும்வரை பார்த்திருந்தார். உதவிக்கு நின்ற பையனையும் கூப்பிட்டுக் காட்டினார். பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஒரு வேலையில் இத்தனை இன்பம் காணும் ஒருவரை அருகிலிருந்து பார்ப்பதே எனக்குப் பெரும் மகிழ்ச்சியாக இருந்தது. தன் கை செய்தது சரியாக வந்திருப்பதைத் தன் கண்ணாலேயே காண முடிகிற தொழிலில் இந்த இன்பம் இயல்பாகவே கிடைக்கிறது என்று நினைக்கிறேன். கோப்புகளோடு நாளைக் கழிக்கும் என் போன்றோர் அதைத் தேடித்தான் அடைய வேண்டும்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காமல், குடாநாடு முழுவதும் சைக்கிளில் ஓடிய காலத்தில் அவர் இந்தத் தொழிலைக் கற்றிருக்கிறார். பற்றரிகளுக்கும் தடை இருந்தபடியால், சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட வீடுகள் அன்று பல. 2022இல் எரிபொருளுக்கு மக்கள் வரிசையில் நின்றபோதும், மூலையில் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் மறுபடி இவரது முற்றத்துக்கு வந்தனவாம்.

கூலியையும் பொருள்களின் விலையையும் வேலைக்கு முன்னரே தனித்தனியாகச் சொல்லிவிடுகிறார்; கழற்றிய பழைய பாகங்களைத் தாளில் சுற்றித் திருப்பித் தருகிறார். குறைகளும் உண்டு. இன்ன நேரத்தில் முடியும் என்று உறுதி கூறமாட்டார். கியர் சைக்கிள்களையும் டிஸ்க் பிறேக் உள்ளவற்றையும் ஏற்பதில்லை. காத்திருப்பவர்கள் அமர ஓர் இருக்கைகூட இல்லை. அதையாவது அவர் செய்து வைக்கலாம்.

கோண்டாவிலிலிருந்து நகரத்துக்கு வேலைக்குச் செல்லும் எனக்கு, சில்லின் உரசல் நின்றதால் வந்த மாற்றம் பெரியது. நம்முடைய மண்ணில் ஏற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. சைக்கிள் செம்மையாக இருந்தால் மிதிப்பது உடலுக்குச் சுமையாகவே தெரியாது. அதனால் இப்போது நேர்வழியை விட்டு, நல்லூர்க் கோயில் வீதியைச் சுற்றிக்கொண்டு போகிறேன். அலுவலகத்துக்குப் போகும் அந்த நேரம், நாளின் நல்ல பொழுதுகளில் ஒன்றாகிவிட்டது.

போக விரும்புவோர் காலையிலேயே போவது நல்லது. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் காற்றடிக்கவும் ரியூப்புக்கு ஒட்டுப்போடவும் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். அவர்களுடைய சைக்கிள்களைத்தான் அவர் முதலில் பார்ப்பார், பெரியவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.