வெள்ளாடா, செம்மறியா?

கறிக்கடையில் தொங்கும் ஆட்டின் வாலைப் பாருங்கள். உயிரோடு இருக்கையில் வெள்ளாட்டின் வால் குட்டையாக மேல்நோக்கி நிற்கும். செம்மறியின் வால் கீழே தொங்கும். பல கடைகளில் வாலை வெட்டாமல் விடுவது வாங்குபவர் அடையாளம் காணத்தான். வால் இல்லையென்றால் நான் கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன்.

வெள்ளாட்டில் கொழுப்பு குறைவு. 100 கிராம் பச்சைக் கறியில் புரதம் சுமார் 20 கிராம், கொழுப்பு 2 அல்லது 3 கிராம்தான். செம்மறியில் கொழுப்பு இதைவிடக் கூடுதல். அதோடு ஒரு தனி வாடையும் வரும். சிலருக்கு அதுதான் ருசி. பிரியாணிக்கு அந்தக் கொழுப்பு நன்றாகவே ஒத்துழைக்கும். ஆனால் கிழச் செம்மறியை எந்த மசாலாவாலும் காப்பாற்ற முடியாது.

எதை வாங்கினாலும் இளசாக இருக்கட்டும். இளங்கறி வெளிர்சிவப்பாகவும் கொழுப்பு வெள்ளையாகவும் இருக்கும். கருஞ்சிவப்பும் மஞ்சள் கொழுப்பும் முற்றியதன் அடையாளம்.

அன்றாடச் சமையலுக்கு என் தேர்வு வெள்ளாடுதான். உப்புக்கறி வைத்துப் பாருங்கள்: நல்லெண்ணெயில் கிள்ளிய வரமிளகாய், கைநிறையச் சின்ன வெங்காயம், பூண்டு, மஞ்சள், உப்பு, எலும்போடு சிறு துண்டுகளாக நறுக்கிய கறி. தண்ணீர் தெளித்துத் தெளித்து, மூடிபோட்டு, சிறுதீயில் ஒரு மணி நேரம். கறியின் சொந்த ருசி நாக்கில் நிற்கும். செம்மறியென்றால் மிளகும் இஞ்சியும் தாராளமாகச் சேர்த்து, குழம்பின் மேலே மிதக்கும் கொழுப்பை வழித்தெடுத்துவிடுங்கள். நெஞ்செலும்பை மட்டும் தனியே எடுத்து வைத்தால், மாலை சூப்புக்கு ஆகும்.