ஏஜியன் கடலில் ஒரு வாரம்: சைக்ளடீஸா, சாரோனிக்கா, போட்ரும் குலெட்டா?

கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடுவே இருக்கும் ஏஜியன் கடலில் பாய்மரப் படகு எடுத்து ஒரு வாரம் சுற்றலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, எந்தத் தீவு அழகு என்பதுதான். அழகில் எதையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதைக் கேட்டு முடிவெடுத்தால் தப்பாகத்தான் முடியும். கேட்க வேண்டியது வேறு: படகைத் திரும்பக் கொண்டுவரும்போது காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும்?

வாடகைப் படகுகளுக்கு வாரம் என்பது சனிக்குச் சனி. சனிக்கிழமை மாலை நான்கு, ஐந்து மணிவாக்கில் படகு கைக்கு வரும். பொருட்களைச் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு, மளிகையை ஏற்றி முடிப்பதற்குள் இருட்டிவிடும். அடுத்த வெள்ளி மாலையே புறப்பட்ட மெரினாவில் திரும்ப வந்து நிற்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. ஆக, ஓடக் கிடைப்பது ஆறு நாள். 40 அடிப் படகு மணிக்கு 5, 6 கடல் மைல் போகும். குளிக்கவும் சாப்பிடவும் ஊர் பார்க்கவும் நேரம் வேண்டுமென்றால் நாளுக்கு 20, 25 மைலுக்கு மேல் திட்டம் போடக் கூடாது. மொத்தம் 120 முதல் 150 மைல். ஏதென்ஸிலிருந்து சாந்தோரினிக்கு நேர்கோட்டில் போகவே சுமார் 120 மைல் ஆகும். போனாலும், எரிமலை வெடித்து உள்வாங்கிய அந்தப் பள்ளத்தில் கடல் அவ்வளவு ஆழம். நங்கூரம் போட இடம் கிடைப்பது அரிது. சாந்தோரினியைப் பார்க்க விமானமோ ஃபெரியோ போதும்.

அடுத்தது காற்று. ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் பாதி வரை ஏஜியனில் வடக்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு மெல்டெமி என்று பெயர். ஜூலை, ஆகஸ்டில் உச்சம். வானம் துடைத்துவிட்டதுபோல் நீலமாக இருக்கும், ஒரு மேகம் இருக்காது, ஆனால் கடல் வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருக்கும். காற்றின் பலத்தைச் சொல்லும் பொஃபோர்ட் அளவில் 5, 6 சாதாரணம். 7, 8 வரை ஏறி மூன்று நான்கு நாள் விடாமல் அடிப்பதும் உண்டு. பால்கன் பக்கம் உயர் அழுத்தம், துருக்கியின் மேல் தாழ்வழுத்தம்; இரண்டுக்கும் நடுவே காற்று பாய்கிறது. அந்தத் தாழ்வழுத்தம் தனியாக வந்ததில்லை. நமக்குத் தென்மேற்குப் பருவமழையைக் கொண்டுவரும் தெற்காசியத் தாழ்வழுத்தம்தான் ஈரான் வழியாக மேற்கே வால் நீட்டிக் கிடக்கிறது. கேரளத்தில் மழை கொட்டும் அதே மாதங்களில் ஏஜியனின் மைகோனோஸ் தீவில் குடை பறப்பதற்கு இப்படி ஓர் உறவுமுறை இருக்கிறது.

சைக்ளடீஸ்: கீழே இறங்குவது சுலபம்

வெள்ளை வீடு, நீலக் குவிமாடம் என்று படங்களில் பார்ப்பதெல்லாம் சைக்ளடீஸ் தீவுக்கூட்டம். மெல்டெமியின் நடுவழியும் அதுதான். ஏதென்ஸுக்குத் தென்கிழக்கே லாவ்ரியோவிலிருந்து புறப்பட்டால் கேயா சுமார் 15 மைல். அங்கிருந்து கித்னோஸ், செரிஃபோஸ், சிஃப்னோஸ் என்று தெற்கே இறங்கலாம். பின்காற்றில் படகு பறக்கும், எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். சிஃப்னோஸிலிருந்து லாவ்ரியோ திரும்ப 50 மைலுக்கு மேல், வடமேற்காக. எதிர்காற்றில் மேட்டில் சைக்கிள் மிதிக்கிற வேலைதான். பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிரே போகாது. வலதும் இடதுமாக வெட்டி வெட்டிப் போக வேண்டும். 50 மைல் 70 ஆகிவிடும். எஞ்சினைப் போட்டாலும் அலை முகத்தில் அறையும். இதைத் தாங்கும் உடம்பு உங்களுக்கு இருக்கலாம். கூட வரும் அத்தைக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கும் இருக்குமா?

இன்னொன்றும் உண்டு. வடக்கிலிருந்து காற்று அடித்தால் தீவின் தெற்குப் பக்கம் அமைதியாக இருக்கும் என்று தோன்றும். உயரமான மலை உள்ள தீவுகளில் அது பொய்க்கும். மலை முகட்டைத் தாண்டிய காற்று சரிவில் உருண்டு, விட்டுவிட்டு இன்னும் வேகமாக விழும். நங்கூரம் பிடிக்கிறதா என்று இரவெல்லாம் எழுந்து எழுந்து பார்க்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு சொன்னாலும் சைக்ளடீஸை ஒதுக்க மனம் வராது. கித்னோஸின் கொலோனாவில் மெல்லிய மணல்திட்டு ஒன்று சிறு தீவைப் பெருந்தீவோடு இணைக்கிறது. இரண்டு பக்கமும் கடல், எந்தப் பக்கம் அமைதியோ அங்கே படகை நிறுத்தலாம். அதே தீவின் லூத்ராவில் வெந்நீர் ஊற்று வாய்க்காலாக ஓடிக் கடலில் கலக்கிறது. கல் அடுக்கிய சிறு வட்டத்துக்குள் உட்கார்ந்தால் முதுகுக்கு வெந்நீர், காலுக்குக் குளிர்ந்த கடல். சிஃப்னோஸில் ஞாயிற்றுக்கிழமை வாய்த்தால் ரெவித்தாதா சாப்பிடாமல் வராதீர்கள். கொண்டைக்கடலையை வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து மண்பானையில் போட்டு, சனி இரவு விறகடுப்புக்குக் கொடுத்துவிடுவார்கள். ஞாயிறு காலை தேவாலயம் முடிந்து வரும்போது கடலை வெண்ணெயாகக் கரையும் பதத்தில் இருக்கும். ஆனால் சனிக்கிழமை படகு எடுத்தவர் ஞாயிறு மதியத்துக்குள் சிஃப்னோஸ் சேர முடியாது என்பதுதான் வருத்தம். ஃபெரி பயணிகளுக்கே அது வாய்க்கும்.

என் கணக்கில் சைக்ளடீஸ் மே, ஜூன் தொடக்கம், அல்லது செப்டம்பர் கடைசிக்கு. அப்போதும் இந்த மேற்கு வரிசைதான். ஆகஸ்டில், அதுவும் அனுபவம் குறைந்த குழுவோடு என்றால் வேண்டாம்.

சாரோனிக்: யாரும் பொறாமைப்படாத, ஆனால் எல்லாம் கிடைக்கிற வழி

சாரோனிக் என்பது ஏதென்ஸை ஒட்டிய வளைகுடா. ஏதென்ஸின் அலிமோஸ் மெரினாவிலிருந்து ஏஜினா தீவு 16 மைல். ஏஜினாவிலிருந்து போரோஸ் ஏறத்தாழ அதே தூரம். போரோஸ், ஹைட்ரா, ஸ்பெட்செஸ் எல்லாம் ஒன்றுக்கொன்று 12, 15 மைல். ஏதென்ஸ் இருக்கும் அட்டிகாவும் எதிரே பெலொப்பொனீஸ் தீபகற்பமும் இரண்டு பக்கமும் அணைத்துக்கொள்வதால் மெல்டெமி இங்கே சோர்ந்துபோய்த்தான் வரும். முழுக்க வராது என்று சொல்லவில்லை. காலை காற்று இருக்காது, பிற்பகலில் கடற்காற்று எழும், இரண்டு மூன்று மணி நேரம் நன்றாகப் பாய் விரிக்கலாம். புதிதாகப் படகு பழகியவருக்கு இதைவிட நல்ல இடம் இந்தக் கடலில் இல்லை.

"அதெல்லாம் ஏதென்ஸ்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை போகிற இடம்" என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். போகட்டும். நவீன கிரேக்கத்தின் முதல் தலைநகரம் 1828இல் ஏஜினாவில்தான் இருந்தது. அஃபையா கோயில் 2,500 ஆண்டுப் பழசு, பைன் மரங்களுக்கு நடுவே தூண்களோடு நிற்கிறது. ஏஜினா பிஸ்தாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு உண்டு. துறைமுகத்திலேயே பொட்டலம் கட்டி விற்பார்கள், பக்கத்தில் காய்கறியைப் படகிலிருந்தே விற்பார்கள். படகுக்கு மளிகை ஏற்ற இது போதும். போரோஸில் தீவுக்கும் நிலத்துக்கும் நடுவே ஒடுங்கிய நீர்வழி. ஊர் முன்னாலேயே படகைக் கட்டலாம்.

ஹைட்ராவில் காரும் கிடையாது, பைக்கும் கிடையாது. குளிர்பதனப் பெட்டி வாங்கினாலும் கோவேறு கழுதை முதுகில்தான் வீடு சேரும். ஊர் அவ்வளவு அழகு, துறைமுகம் அவ்வளவு சிறிசு. மதியத்துக்குள் போய்ச் சேராவிட்டால் கரையோரம் இடம் கிடைக்காது. வந்தவர்கள் ஒருவர் படகுக்கு முன்னால் இன்னொருவர் என்று இரண்டு மூன்று வரிசை நிற்பார்கள். ஏஜியனில் படகு கட்டும் முறையே முன்பக்கம் நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் பின்பக்கமாக வந்து கரையைத் தொடுவதுதான். ஹைட்ராவில் எதிரெதிர்க் கரைகளில் கட்டியவர்களின் சங்கிலிகள் நடுத் துறைமுகத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கும். காலை ஒன்பது மணிக்கு முதல் ஆள் நங்கூரத்தை இழுக்கிறார். கூடவே அடுத்தவர் சங்கிலியும் மேலே வருகிறது. அதன் அடியில் ஒரு கயிற்றை விட்டுத் தூக்கி, படகில் கட்டிப் பிடித்துக்கொண்டு, தன் நங்கூரத்தைக் கொஞ்சம் இறக்கி விடுவித்த பிறகு கயிற்றை அவிழ்க்க வேண்டும். நான்கு மொழிகளில் கத்தல் நடக்கும். காப்பிக் கடையில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு இலவசக் காட்சி. இது பிடிக்காதவர்கள் எதிரே நிலப்பகுதியில் இருக்கும் எர்மியோனியில் படகைக் கட்டிவிட்டு ஹைட்ராவுக்கு ஃபெரியில் போய்வரலாம். நான் அதைத்தான் சொல்வேன்.

சாரோனிக்கின் ஒரே உண்மையான குறை நேர அட்டவணையில் இருக்கிறது. எபிடாவ்ரோஸின் பழைய துறைமுகத்தில் படகை விட்டு டாக்ஸி பிடித்தால், கி.மு. நான்காம் நூற்றாண்டின் அந்தப் பெரிய கல் அரங்கத்துக்குச் சிறிது நேரத்தில் போய்விடலாம். கோடை விழாவில் அங்கே இரவு நாடகம் நடக்கும், பெரும்பாலும் வெள்ளியும் சனியும். சனி மாலை படகு எடுத்து வெள்ளி மாலை திருப்பிக் கொடுப்பவருக்கு இரண்டுமே தவறிப்போகும். பகலில் அரங்கத்தைப் பார்த்துவிட்டு வருவதோடு சரி.

போட்ரும் குலெட்: பாய் அலங்காரத்துக்கு

குலெட் என்பது துருக்கியின் தென்மேற்குக் கரையில், போட்ரும் போன்ற ஊர்களில் கட்டப்படும் அகலமான மரப்படகு. இரண்டு மூன்று பாய்மரங்கள் இருக்கும். பயணமோ பெரும்பாலும் எஞ்சினில். கேப்டன், சமையல்காரர், உதவியாளர் எல்லோரும் கூடவே வருவதால் நமக்குப் படகோட்டும் சான்றிதழ் எதுவும் தேவையில்லை. பாய் விரித்துப் படகு ஓட்டும் ஆசையோடு போகிறவர் இரண்டாம் நாளே சலித்துவிடுவார். மூன்று தலைமுறை சேர்ந்து போகிற குடும்பத்துக்கு இதற்கு நிகர் இல்லை.

இந்தப் பயணத்துக்குத் துருக்கியில் நீலப் பயணம் என்று பெயர். எழுத்தாளர் ஜெவாத் ஷாகிர் 1925இல் போட்ருமுக்கு அனுப்பிவைக்கப்பட்டார். தண்டனையாக அனுப்பிய ஊர் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. நண்பர்களைக் கூட்டிக்கொண்டு கடற்பஞ்சு எடுக்கும் படகுகளில் கோக்கோவா வளைகுடாவைச் சுற்றினார்; அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய குலெட் தொழில்.

வழி அதே வளைகுடாதான். வடகரையில் சொக்கெர்த்மே, தென்கரையில் ஏழு தீவுகள், பைன் காடு தண்ணீர் வரை இறங்கிவரும் இங்கிலீஷ் ஹார்பர், கோடியில் செதிர் தீவு. செதிர் மணல் முட்டை வடிவச் சுண்ணாம்புப் பரல். கிளியோபாட்ராவுக்காக எகிப்திலிருந்து வந்தது என்று கதை. ஒரு பிடிகூட எடுத்துப்போகக் கூடாது. இங்கும் மெல்டெமி உண்டு. மேற்கிலிருந்து வளைகுடாவுக்குள் நுழையும், ஆகவே திரும்பும் வழி எதிர்காற்று. ஆனால் கேப்டன்கள் விடிவதற்கு முன் எஞ்சினைப் போட்டுக் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் எழுந்து வரும்போது அடுத்த குடாவில் தேநீர் தயாராக இருக்கும். வளைகுடாவுக்கு வெளியே, தாட்சா தீபகற்பத்தின் முனையில் க்னிடோஸ் இருக்கிறது. பழைய துறைமுகத்துக்குள்ளேயே நங்கூரம் போட்டு, தண்ணீரை ஒட்டிய கல் அரங்கத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிடலாம். அங்கே போகிற திட்டம் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்; காற்று அதிகமென்றால் கேப்டன் மறுப்பார், மறுத்தால் வற்புறுத்தாதீர்கள்.

செலவும் சாப்பாடும்

கிரேக்கத்தில் படகை நாமே ஓட்டுவதென்றால் சான்றிதழ் உள்ள ஒருவரும், உதவிக்கு அனுபவமுள்ள இன்னொருவரும் வேண்டும். இல்லையென்றால் படகை ஓட்டித் தரும் ஸ்கிப்பர்: நாளுக்குச் சுமார் 200 யூரோ, அவர் சாப்பாடு நம் செலவு, படுக்க ஓர் அறையும் ஒதுக்க வேண்டும். எட்டுப் பேர் படகு என்று விளம்பரத்தில் இருந்தால் ஏழு பேர் என்று எண்ணுங்கள். சேதத்துக்கு ஈடாகச் சில ஆயிரம் யூரோ கார்டில் பிடித்து வைப்பார்கள். டீசல் நம் கணக்கு. குலெட்டில் வாடகை கூடுதலாகத் தெரியும், ஆனால் ஆட்களும் பெரும்பாலும் சாப்பாடும் அதில் அடக்கம், குடிபானங்கள் தனி. முழுப் படகு எடுக்க ஆள் சேராதவர்கள் ஓர் அறை மட்டும் எடுக்கலாம். கூட வருபவர்கள் யார் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

சைவர்கள் கவலைப்பட வேண்டாம். கிரேக்கத்தில் ஃபாவா என்கிற மஞ்சள் பருப்பு மசியல், தக்காளியில் வெந்த பெரிய பீன்ஸ், எலுமிச்சை பிழிந்த கீரை எல்லா உணவகத்திலும் கிடைக்கும். குலெட் சமையல்காரரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் கத்தரிக்காயிலேயே ஒரு வாரம் ஓட்டிவிடுவார். எந்தப் படகானாலும் கழிப்பறையில் காகிதம் போடாதீர்கள். அடைத்துக்கொண்டால் அதைச் சரிசெய்யப்போவது நீங்கள்தான், அல்லது உங்களைப் பிறகு மன்னிக்காத ஒருவர்.

கோஸ் பக்கம்

நான்காவதாக, துருக்கிக் கரையை ஒட்டிய கிரேக்கத் தீவுக்கூட்டமான டொடெக்கனீஸ். கோஸிலிருந்து கலிம்னோஸ், லெரோஸ், லிப்ஸி, பட்மோஸ் என்று வடக்கே ஏறினால், திரும்பும்போது பின்காற்று. கஷ்டத்தை முதல் மூன்று நாளில் முடித்துவிட்டு மிச்சத்தைச் சும்மா மிதந்து வரலாம். இதனாலேயே ஓரளவு அனுபவமுள்ளவர்களுக்கு ஜூலையில்கூட சைக்ளடீஸைவிட இதை முன்னே வைப்பேன். தெற்கே இறங்கினால் நிசிரோஸ். எரிமலை வாய்க்குள்ளேயே நடக்கலாம், செருப்பில் கந்தக வாடை ஒட்டிக்கொள்ளும்.

கோஸில் நின்றால் எதிரே போட்ரும் கரை தெரியும். அதே படகில் இரண்டு நாட்டையும் பார்த்துவிடலாம் என்று பலருக்கு ஆசை வரும். வேண்டாம். குடியேற்றம், சுங்கம், படகுக் காகிதங்கள் என்று இரண்டு பக்கமும் அரை அரை நாள் போய்விடும். கிரேக்கம் ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் கூட்டில் இருக்கிறது, துருக்கி அதற்கு வெளியே. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் இரண்டுக்கும் தனித்தனியே விசா பார்க்க வேண்டும். திரும்பவும் கிரேக்கத்துக்குள் வருவதென்றால் பலமுறை நுழையும் ஷெங்கன் விசா கையில் இருக்க வேண்டும். எல்லாம் இருந்து ஆசையும் அடங்கவில்லையென்றால், படகைத் திருப்பிக் கொடுத்த பிறகு ஃபெரி டிக்கெட் எடுத்துப் போய்வாருங்கள்.