காட்சிக்காக மலையில் வீடு கட்டினேன்: மைன்கிராப்டில் மூன்று வருடம்

மைன்கிராப்ட் என்றால் சதுரக் கட்டிகளை (புளொக்) வைத்துக் கட்டுகிற கணினி விளையாட்டு. இந்த உலகத்தைத் தொடங்கினது 2021 டிசம்பரில், அதன் 1.18 அப்டேட் வந்த சூட்டோடு. மலைகளை நிமிர்த்தி விட்டது அந்த அப்டேட்தான். உலகத்தின் உச்சி 256 புளொக்கிலிருந்து 320 ஆனது, அடி மைனஸ் 64 வரை இறங்கியது. நான் இலங்கையில் கிளிநொச்சிப் பக்கம், வட்டக்கச்சி ஆள். எங்கள் பக்கம் எங்கே பார்த்தாலும் தட்டை, ஏறி நின்று பார்க்க இருக்கிற உயரம் என்றால் இரணைமடுக் குளக்கட்டுத்தான். அப்படிப்பட்டவன் பனி மூடின கூர் உச்சி ஒன்றைக் கண்டால் என்ன செய்வான்? வேறு ஒன்றையும் யோசிக்காமல் அங்கேயே வீடு என்று முடிவெடுத்துவிட்டேன்.

வீட்டின் உயரம் 170, கடல் மட்டம் 63. முதல் கிழமை உண்மையிலேயே சொர்க்கம்தான். பாறைக்கு வெளியே மரத்தில் ஒரு விறாந்தை இழுத்தேன், வேலி அடித்தால் பார்வையை மறைக்கும் என்று விளிம்பை அப்படியே விட்டேன்.

மலையாட்டைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பனி உச்சிகளில் அது தானாக வந்து நிற்கும், பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும். ஆனால் அரை நிமிடத்துக்கும் ஐந்து நிமிடத்துக்கும் இடையில் ஒரு தடவை, கிட்ட நிற்கிற எதையாவது ஓடி வந்து முட்டப் பார்க்கும், அதுவும் அசையாமல் நிற்கிறதாகப் பார்த்து. விளிம்பில் அசையாமல் நின்று பொழுது படுகிறதை ரசிக்கிறவனை விட அதுக்கு நல்ல குறி வேறு என்ன கிடைக்கும்? தலையைக் குனிந்ததை நான் காணவில்லை, 'டம்' என்ற சத்தம் மட்டும் கேட்டது. இந்த விளையாட்டில் 23 புளொக் விழுந்தால் முழு உயிரும் போய்விடும், நான் விழுந்தது அதைப் போல இரண்டு மடங்கு. செத்தவுடன் கையில் இருந்து விழுகிற சாமான்கள் கீழே ஐந்து நிமிடம்தான் கிடக்கும். இறங்கிப் போய்ச் சேர்வதற்குள் பாதி போய்விட்டது, போனதில் வைரப் பிக்காக்ஸும் ஒன்று. அன்றைக்கே வேலி அடித்தேன், பார்வை மறைத்தால் மறைக்கட்டும்.

அடுத்தது தண்ணீர். வீட்டுக்கு முன்னால் கோதுமை போட்டேன். நடுவில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் சுற்றிவர நாலு புளொக் தூரத்துக்கு ஈரம் பிடிக்கும், அதாவது 9க்கு 9 பாத்தி. ஆனால் பனி விழுகிற உயரத்தில் திறந்த வானத்துக்குக் கீழே இருக்கிற தண்ணீர் உறைந்து ஐஸ் ஆகிவிடும், ஐஸ் ஈரம் தராது. காலையில் பார்த்தால் பாத்தி காய்ந்துபோய் வெளிறிக் கிடந்தது. தண்ணீருக்கு மேலே ஒரு பலகை வைத்து மூடினால், அல்லது பக்கத்தில் ஒரு தீப்பந்தம் குத்தினால் போதும், உறையாது, இது எனக்குத் தெரிய ஒரு மாதம் ஆனது. அந்த நாட்களில் அம்மம்மா பின்னால் வந்து நின்று திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வீடு வடிவாத்தான் இருக்கு தம்பி, தண்ணி எங்க அள்ளுறது?" என்று கேட்டா. நான் சிரித்தேன். கேள்வி சரியானதுதான்.

பிறகு போக்குவரத்து. வைரம் அதிகம் கிடைக்கிறது மைனஸ் 59 பக்கத்தில், வீடு 170இல். ஏணியில் ஏறினால் ஒரு தடவைக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல், அதுவும் விரலை எடுக்காமல். இரும்பும் நிலக்கரியும் மலையிலேயே தாராளமாகக் கிடக்கும், அந்தக் குறை சொல்ல மாட்டேன். கடைசியில் நெதருக்கு (விளையாட்டில் இருக்கிற நெருப்பு உலகம்) போய் சோல் சாண்ட் (தண்ணீருக்குள் குமிழி எழுப்பி ஆளை மேலே தள்ளுகிற மண்) கொண்டுவந்து அடியில் வைத்து, தண்ணீர்க் குழாய் முழுக்கக் கெல்ப் என்ற கடற்பாசி நட்டு (கெல்ப் நட்ட இடத்தில் ஓடுகிற தண்ணீர் ஊற்றுத் தண்ணீராக மாறும், அது இல்லாமல் குமிழி எழும்பாது) ஒரு லிப்ட் செய்தேன். இப்போது அரை நிமிடம்கூட இல்லை. ஆனால் அதைக் கட்ட இரண்டு சனி ஞாயிறு போனது.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம். என்னைத் தோற்கடித்தது வேறு. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தது ஞாபகம் இருக்கும். பழைய லப்டொப், பற்றரி இரண்டு மணித்தியாலம் தாங்கினால் பெரிய விஷயம். சூடு குறைய, பற்றரி மிஞ்ச, ரெண்டர் டிஸ்டன்ஸை, அதாவது திரையில் எவ்வளவு தூரம் தெரியும் என்ற அளவை, 8க்கு இறக்கினேன். அதை அளக்கிறது சங்க் கணக்கில், 8 சங்க் என்றால் 128 புளொக். விறாந்தையில் போய் நின்றேன். பள்ளத்தாக்கு இல்லை, கடல் இல்லை, எதிர் மலை இல்லை, மூன்று பக்கமும் வெள்ளைப் புகைமூட்டம். காட்சிக்காகவே அவ்வளவு பாடுபட்டுக் கட்டின வீட்டில் காட்சியே இல்லை! இடம் தேடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: உங்கள் கணினி எவ்வளவு தூரம் காட்டும் என்று பார்த்துவிட்டு அந்தத் தூரத்துக்குள் அழகான இடம் தேடுங்கள். மச்சான் ஒருவன் 32 சங்க் வைத்து எடுத்து அனுப்புகிற படத்தைப் பார்த்து உச்சிக்கு ஏறாதீர்கள்.

அப்புறம் மலை அடிவாரத்தில் ஆற்று வளைவில் ஒரு சின்ன வீடு. அதே மலை கீழே இருந்து பார்க்க நூறு மடங்கு வடிவு, 8 சங்க்குக்குள் முழுசாகவும் தெரிந்தது. ஆற்றங்கரை என்றதும் எனக்கு எங்கள் ஊர்ப்பக்கம் வந்த 2018 டிசம்பர் வெள்ளம்தான் ஞாபகம் வந்தது. ஆனால் இங்கே எவ்வளவு மழை பெய்தாலும் ஆறு ஒரு புளொக் ஏறாது, குளம் நிரம்பி வான் பாயாது. இரவில் ஆற்றுக்குள் இருந்து ஏறி வருகிற டிரவுண்டுகளின் (தண்ணீருக்குள் திரிகிற நடைப்பிணங்கள்) கொட கொட சத்தம்தான் தொல்லை. ஆறு மாதம் இருந்தேன்.

இப்போது இருக்கிறது செர்ரித் தோப்பில். அந்தத் தோப்புகளைக் கொண்டுவந்த 1.20 அப்டேட் வந்தது 2023 ஜூனில், ஆனால் ஏற்கெனவே நடந்து திரிந்த இடங்களில் புதுத் தோப்பு முளைக்காது, போகாத பக்கம் போக வேண்டும். 2,400 புளொக் நடந்துதான் கண்டேன். நெதர் வழியாகப் போனால் அது 300தான், அங்கே ஒரு புளொக் நடந்தால் வெளியே எட்டு புளொக் கணக்கு. உயரம் 110, பனி இல்லை, மலையாடு இல்லை, தேனீ இருக்கிறது. முதுகுக்குப் பாறை, முன்னால் சரிவு, சரிவு முடிகிற இடத்தில் ஒரு கிராமம், எல்லாம் 100 புளொக்குக்குள். பெரிய ஜன்னல் மேற்கே. 1.18க்குப் பிறகு வெளிச்சம் சுத்தமாக இல்லாத இடத்தில்தான் பேய் பிசாசு முளைக்கும், அதனால் வளவு முழுக்கத் தீப்பந்தம் குத்தி அசிங்கப்படுத்தத் தேவையில்லை. நான் நிலத்தைத் தோண்டிக் குளோஸ்டோன் என்ற ஒளிரும் கல்லைப் புதைத்து மேலே கம்பளம் போட்டிருக்கிறேன், வெளிச்சம் வரும், விளக்குத் தெரியாது. குறை ஒன்று உண்டு, ரோஸ் நிறம் இரண்டு மாதத்தில் சலித்துவிடும். கூரைக்கு டீப்ஸ்லேட் என்ற கருஞ்சாம்பல் கல் போட்ட பிறகுதான் கண்ணுக்கு ஆறுதல்.

மலை வீட்டை இடிக்கவில்லை. எப்போதாவது கரண்டில் செருகி ரெண்டரை 16க்கு ஏற்றிவிட்டுப் போய் ஒரு பொழுது பார்த்துவிட்டு வருவேன், வேலிக்கு உள்ளே நின்றுதான். புது வீட்டு முற்றத்தில் 2க்கு 2 குழி வெட்டி, எதிரெதிர் மூலையில் இரண்டு வாளி ஊற்றி, கல்லில் ஒரு கட்டும் ஒரு துலாவும் வைத்து ஒரு கிணறு செய்தேன். எவ்வளவு அள்ளினாலும் நிரம்பிக்கொண்டே இருக்கும். அம்மம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஆவணியிலும் வத்தாதோ?" என்று கேட்டா. வத்தாது என்றேன், நம்பவில்லை, பக்கத்தில் இருந்து என்னை இருபது வாளி அள்ள வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழும்பிப் போனா.