சோளத்தட்டு: மெஷினில் வெட்டியா, காடியில் முழுசாகவா?

எங்கள் கட்டுத்தரையில் மூன்று கறவை, ஒரு கிடாரி. எல்லாம் ஜெர்சி கலப்பு. தையில் போட்ட தட்டுப்போர், அதாவது காய்ந்த சோளத்தண்டுக் குவியல், ஆடி வரைக்கும் தாங்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பங்குனியிலேயே பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. ஒரு வாரம் தராசு வைத்து நிறுத்தேன். நாளைக்கு 30 கிலோ போட்டால் காலையில் கூட்டி அள்ளுவது 9 கிலோ. காசு கொடுத்து வாங்கிய தட்டு குப்பைக்குழிக்குப் போகிறது.

தரையில் போடுவதைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. வீணாகும், அவ்வளவுதான். அறுத்த காட்டிலேயே மாட்டைக் கட்டித் தட்டை உதறிப் போட்டால் மிதிபட்டதும் சாணியும் அந்த மண்ணுக்கே எரு. ஆனால் ஒரு கோடை மழை பெய்தால் மிச்சமெல்லாம் பூஞ்சணம்.

முதலில் நான் போனது மெஷினுக்கு. 2 எச்.பி. மோட்டார், இரண்டு பிளேடு, பாதி மானியத்தில் வந்தது. வெட்டிப் போட்ட முதல் வாரம் கழிவு 2 கிலோவுக்குள் நின்றது. தடித்த அடித்தண்டைக்கூட மாடு விடவில்லை. அம்மாவுக்குத்தான் திருப்தியில்லை. "ஏன் கண்ணு, இப்படிப் பொடிப்பொடியா வெட்டிப் போட்டா மாடு அசை எங்க போடும்?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ரொம்பப் பொடியாக்கினால் அசைபோடுவது குறையும், பாலில் கொழுப்பும் இறங்கும். ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் வெட்டினால் அந்தத் தொந்தரவு இல்லை.

என்னைத் திருப்பிவிட்டது பராமரிப்பு. காய்ந்த தட்டு மூன்று வாரத்தில் பிளேடை மழுக்கிவிடுகிறது. மழுங்கினால் தட்டு வெட்டுப்படாமல் நசுங்கி, நார் நாராக உருளையில் சுற்றிக்கொள்ளும். மோட்டாரை நிறுத்தி, அரிவாள் நுனியால் நோண்டி எடுக்க வேண்டும். சாணை பிடிக்கப் பன்னிரண்டு கிலோமீட்டர் போய்வர வேண்டும். திரும்ப மாட்டும்போது பிளேடுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையும் இடைவெளிதான் இருக்கலாம். கொஞ்சம் கூடினாலும் மறுபடி நார். அப்புறம் பெல்ட், கிரீஸ், சாயங்காலம் ஆறு மணிக்கு இறங்கும் வோல்டேஜ். நான் ஊரில் இல்லாத நாளில் அம்மா அதன் பக்கமே போகமாட்டார். மெஷின் வாய்க்குள் கையை விட்டுத் தள்ளும் ஆபத்து இருக்கும்போது போகாமல் இருப்பதே நல்லது. நான்கு மாட்டுக்கு இவ்வளவா என்று தோன்றியது.

அப்புறம்தான் தட்டு எங்கே விழுகிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். செவலை ஒரு வாய் கவ்வும். யாராவது உள்ளே வந்தால் வாயோடு தலையைத் தூக்கித் திரும்பும். பாதி தரையில் விழும். அதன்மேலேயே நிற்கும். மூத்திரம் பட்டதை எந்த மாடும் மோந்துகூடப் பார்ப்பதில்லை.

அதனால் காடிக்கு, அதாவது தீனித் தொட்டிக்கு, முன்னால் சாய்வாகக் கம்பி வைத்தேன். ஒன்றேகால் அங்குலப் பைப், கம்பிக்குக் கம்பி ஓர் அடி. தலையைச் சாய்த்துத்தான் உள்ளே விடவோ வெளியே எடுக்கவோ முடியும் என்பதால், மாடு அங்கேயே நின்று மெல்லுகிறது. வாயிலிருந்து நழுவுவது காடிக்குள்ளேயே விழுகிறது. காடியின் தளம் நிற்கும் தரையைவிட அரை அடி உயரம், மேய்கிற மாதிரித் தலை குனிந்தே தின்கின்றன. கழிவு இப்போது 3 கிலோ. மெஷினைவிட ஒரு கிலோ கூடத்தான். ஆனால் வெல்டிங்குக்குக் கொடுத்த 7,000 ரூபாயோடு செலவு முடிந்தது. பிறகு ஒரே ஒரு திருத்தம்: கிடாரி தோளையும் சேர்த்து நுழைத்துக்கொண்டு திணறியதால், அதன் பங்கில் ஒரு குறுக்குக் கம்பி.

தட்டும் மெல்லிசாக இருக்க வேண்டும், இதை மறக்கக்கூடாது. நெருக்கி விதைத்து, கதிர் முற்றும் முன் அறுத்த தட்டு பென்சில் கனம்தான் இருக்கும், முழுசாகவே தின்றுவிடும். தானியத்துக்கு விட்ட பருந்தட்டு என்றால் அடித்தண்டு அப்படியே காடியில் கிடக்கும். அதற்கு மெஷின்தான் சரி. பத்து மாட்டுக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு வேறாகலாம், அந்த அனுபவம் எனக்கில்லை. என் மாடுகள் கன்றிலேயே கொம்பு முளைக்காமல் சுட்டவை. காங்கேயம் கொம்புக்கு இந்தக் கம்பி ஒத்துவராது என்றே நினைக்கிறேன்.

மெஷினை விற்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கம்பு நேப்பியர் தீவனப்புல் ஆளுயரம் வந்துவிடும், அந்தத் தண்டை வெட்டாமல் போட முடியாது. பச்சைக்கு பிளேடும் அவ்வளவு சீக்கிரம் மழுங்குவதில்லை.