கூத்துக் குழுவுக்கு அரச நிதி: சனசமூக நிலையத்தின் பெயரிலா, சொந்தக் கலாமன்றமாகவா?

2009 இல் எங்கள் ஊரிலிருந்து வெளிக்கிட்டபோது மத்தளத்தையோ கூத்து உடுப்புகளையோ தூக்கிக்கொண்டு போக யாருக்கும் கை இருக்கவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனோம். மீள்குடியேறிய பிறகு கூத்தைப் பழக்குகிற ஆசானான அண்ணாவியார் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, கோவலன் கூத்தின் பாட்டுக் கொப்பியைத் திரும்ப எழுதினோம். பாட்டு அப்படி மீண்டது. மத்தளமும் உடுப்பும் காசு இல்லாமல் மீளாது. அந்தக் காசைப் பொது நிதியிலிருந்து கேட்க வன்னியில் ஒரு கூத்துக் குழுவுக்குச் சில வழிகள் உண்டு. எந்த வழியில் போனாலும் காசோலை எழுதப்படுவது பதிவிலக்கம் உள்ள ஓர் அமைப்பின் பெயருக்குத்தான். ஆகவே எந்தப் பெயரில் பதிவாவது என்பதே முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி.

பெரும்பாலானோர் முதலில் நினைப்பது ஊரின் பொது அமைப்பான சனசமூக நிலையத்தை. அது பிரதேச சபை ஊடாக ஏற்கனவே பதிவானது. யாப்பு, நிர்வாகசபை, கூட்ட அறிக்கைப் புத்தகம், வங்கிக் கணக்கு எல்லாம் தயாராக இருக்கும். கட்டடமும் இருக்கும், மழைக்காலத்தில் ஒத்திகைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. குழு புதிதாக ஒரு தாளும் எழுத வேண்டியதில்லை. ஆனால் சபைகளின் கை சிறியது. துணுக்காய், மாந்தை கிழக்கு போன்ற பிரதேச சபைகளின் சொந்த வருமானத்தை வவுனியா நகரத்து வருமானத்தோடு வைத்துப் பார்க்கவே முடியாது. வீதியும் குடிநீரும் கழிவகற்றலும் போக மிஞ்சுவதில்தான் கலைக்குப் பங்கு. சனசமூக நிலையத்துக்கு வருகிற சிறு மானியமும் பத்திரிகைக்கும் கதிரைக்கும் போய்விடும். அது நியாயமான செலவுதான். ஆனால் கூத்து அங்கே எப்போதும் வரிசையின் கடைசியில் நிற்கும்.

இதைவிட எனக்கு வலிக்கிற விடயம் ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் ஒரு நிலையத்தின் பெயரில் இசைக்கருவிகள் வாங்கப்பட்டன. அடுத்த ஆண்டு நிர்வாகம் மாறியது. கருவிகள் அலுமாரிக்குள் போயின, திறப்பு புதிய செயலாளரிடம் போனது. கூத்துக் குழுவினர் திருவிழாவுக்கு முதல் நாள் அவர் வீட்டு வாசலில் காத்து நின்றார்கள். சட்டப்படி பொருள் நிலையத்துடையது, அவரைக் குறை சொல்லவும் முடியாது. பறைமேளக் கலைஞர்களின் நிலை இதனிலும் கடினமானது. ஊரின் நிர்வாகசபைகளில் அவர்களுக்கு நாற்காலி கிடைப்பதே அரிது. அடுத்தவர் அமைப்பின் நிழலில் நின்று உதவி கேட்கச் சொல்வது, பழைய வாசலிலேயே அவர்களைத் திரும்பவும் நிறுத்துவதுதான்.

இரண்டாவது வழி, பிரதேச செயலகத்தின் கலாசாரப் பிரிவில் சொந்தக் கலாமன்றமாகப் பதிவது. இதற்கு உழைக்க வேண்டும். யாப்பு எழுத வேண்டும், பொதுக்கூட்டம் வைத்து நிர்வாகத்தைத் தெரிவுசெய்ய வேண்டும், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் எடுக்க வேண்டும், மன்றத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். அண்ணாவியாரின் சொல்லே சட்டமாக இருக்கும் குழுவுக்கு இது புதுப் பழக்கம். அவர் தலைவராக இருக்கட்டும், எழுத்து வேலைக்கு ஓர் இளையவரைச் செயலாளராக்குங்கள். பதிந்த மன்றத்துக்கு இரண்டு பக்கமும் வாசல் திறக்கிறது: மத்திய அரசின் கலாசார அலுவல்கள் திணைக்களம், வடக்கு மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களம். பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியும் பதிவான அமைப்புக்கே வரும். வாங்கிய மத்தளம் மன்றத்தின் இருப்புப் புத்தகத்தில் ஏறும். ஊர் நிர்வாகம் எத்தனை தடவை மாறினாலும் அது குழுவோடு இருக்கும். மாகாண சபை உறுப்பினர்களின் ஒதுக்கீடு மட்டும் 2018 ஒக்டோபரில் சபை கலைந்ததோடு நின்றுபோனது.

மற்ற வழிகளில் நீண்ட நேரம் நிற்கத் தேவையில்லை. கோயிலில் கூத்து ஆடப்படுவதால் இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களத்தைச் சிலர் நம்புகிறார்கள். அதன் உதவி ஆலயங்களையும் அறநெறிப் பாடசாலைகளையும் நோக்கியது. கூத்துக் குழு இரண்டிலும் அடங்காது. இளைஞர் கழகத்துக்கு வயதெல்லை உண்டு, அறுபது கடந்த அண்ணாவியார் அதில் உறுப்பினராக முடியாது. 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தொண்டர் சமூக சேவை அமைப்புகள் சட்டம் ஏழைகள், நோயாளர், அநாதைகள், அனர்த்தத்தில் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கான பணிகளை மனதில் வைத்தது, கலைக்குப் பொருந்தாது. உத்தரவாதத்தால் வரையறுத்த கம்பனியாகப் பதிவது, நெல் விதைக்கிற பத்துப் பேர் தாங்கக்கூடிய செலவல்ல. கலாபூஷணம் என்ற அரச விருது தனிக் கலைஞரைக் கௌரவிப்பது. அண்ணாவியாருக்குக் கட்டாயம் விண்ணப்பியுங்கள், ஆனால் குழுவின் தேவையை அதோடு கலக்காதீர்கள்.

என் தெரிவு சொந்தக் கலாமன்றம். சனசமூக நிலையத்தோடு உறவை முறிக்கச் சொல்லவில்லை. ஒத்திகைக்கு அதன் மண்டபத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிரதேச சபையிடம் கூத்து ஆடுகிற களரிக்கு மின்விளக்கும் தண்ணீர்ப் பவுசரும் கேளுங்கள். காசைவிட அவற்றை அவர்கள் இலகுவாகத் தருவார்கள். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் கூத்துக் குழுக்களுக்குப் பங்குத் தேவாலயத்தின் ஆதரவு பின்னால் இருக்கிறது, அங்கே அவசரம் குறைவாக இருக்கலாம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலைச் சுற்றி ஆடுகிற எங்களைப் போன்றவர்களுக்கு அந்தத் தூண் இல்லை.

காலத்தையும் சொல்ல வேண்டும். அரசின் நிதியாண்டு தையில் தொடங்குகிறது, சபைகள் வரவு செலவுத் திட்டத்தை மார்கழியில் முடித்துவிடும். கோரிக்கை கொடுக்க வேண்டிய ஐப்பசி, கார்த்திகையில் நாங்கள் காலபோக விதைப்போடு வயலில் நிற்கிறோம். கூத்துக்கான நினைப்பு வருவது அறுவடை முடிந்து மாசியில், அப்போது அந்த ஆண்டின் ஒதுக்கீடு பிரிந்துவிட்டிருக்கும். ஆகவே பொதுக்கூட்டத்தை ஆவணியில் வையுங்கள். உழவு இயந்திரம் வயலில் இறங்க முன்னர் விண்ணப்பம் செயலகத்தில் இருக்கட்டும், கையளித்ததற்கான திகதி முத்திரையோடு ஒரு பிரதி செயலாளரின் கோவையில் இருக்கட்டும்.